ரயில் வந்தது, விலை வரவில்லை

கோல்ட் கோஸ்ட்டில் தண்டவாளமும் துறைமுகமும் தங்கத்துக்கும் கோகோவுக்கும் வழிவிட்டன. விவசாயிக்கு?

பீப்பாய் நிறைய கோகோ. காட்டுப் பாதையில் அதைக் கையாலேயே உருட்டிக்கொண்டு போவார்கள் கூலியாட்கள். கரைக்கு வந்தாலும் கஷ்டம் தீராது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; அலையோடு மல்லுக்கட்டும் படகுகளில்தான் சரக்கு போய்ச் சேரவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கோல்ட் கோஸ்ட் - இன்றைய கானா - சாக்லேட்டின் மூலப்பொருளை உலகுக்கு அனுப்பியது இப்படித்தான்.

கோகோவை அங்கே பரப்பியதாகப் புகழப்படுபவர் ஒரு கொல்லர். டெட்டே குவார்ஷி 1879-ல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து திரும்பியபோது கோகோ காய்களைக் கொண்டுவந்தார். 1891-ல் ஏற்றுமதி வெறும் 80 பவுண்டு எடை. 1911-ல் சுமார் 40,000 டன், உலகிலேயே முதலிடம். எல்லாம் உள்ளூர் விவசாயிகளின் உழைப்பு.

தண்டவாளம் முதலில் தேடிப்போனது தங்கத்தை. செகோண்டியில் தொடங்கிய பாதை 1901-ல் தார்க்வா சுரங்கப் பகுதியையும் 1903-ல் குமாசியையும் தொட்டது. கோகோ விளையும் பகுதிகள் வழியே சென்ற அக்ரா - குமாசி பாதை 1923-ல்தான் முழுமையடைந்தது. 1919-ல் கவர்னரான கார்டன் குகிஸ்பெர்க் ஒரு எஞ்சினியர். அவரது பத்தாண்டுத் திட்டத்தின் மகுடம், 1928-ல் திறக்கப்பட்ட தக்கோராடி ஆழ்கடல் துறைமுகம்.

போக்குவரத்துச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் இவை லண்டனின் தானமல்ல. காலனியின் வருவாயும், காலனியே அடைக்கவேண்டிய கடனும்தான் முதலீடு. கோகோவுக்கு 1916 முதலே ஏற்றுமதி வரி இருந்தது. லாரிகள் போட்டிக்கு வந்தபோது, ரயில்வேயின் வருமானத்தைக் காப்பாற்ற, சில சாலைகளில் கோகோ ஏற்றிச்செல்ல 1936-ல் சட்டம் தடைபோட்டது.

1937-ல் ஐரோப்பிய கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கொள்முதல் விலையில் போட்டியை ஒழித்தன. விவசாயிகள் விற்க மறுத்தார்கள். கம்பெனிகளின் இறக்குமதிச் சாமான்களை வாங்கவும் மறுத்தார்கள். ரயில் இருந்தது, துறைமுகம் இருந்தது, கோகோ வரவில்லை. 1938 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டு ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகே மூட்டைகள் நகர்ந்தன. விசாரித்த நோவெல் கமிஷனும் ஒப்பந்தத்தைக் கைவிடும்படி பரிந்துரைத்தது.

இந்தக் கணக்கில் சேராதது வடக்குப் பகுதி. அங்கிருந்து சுரங்கங்களுக்கும் கோகோ தோட்டங்களுக்கும் கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். ரயில் மட்டும் அங்கே போகவில்லை. 1957-ல் சுதந்திரக் கொடி ஏறியபோதும் தண்டவாளம் குமாசியைத் தாண்டி வடக்கே செல்லவில்லை. கப்பலில் ஏற்றப் பயிர் இல்லாத ஊருக்கு ரயில் எதற்கு?