செல்லுக்கு வெளியே – 9: ஐம்பது வருடத் தழும்பு

செல்களுக்கு நடுவே, அவை தாமே நூற்றுப் பரப்பிய ஒரு வலை இருக்கிறது என்பது வரை போன வாரம் வந்திருந்தோம். மூட்டுக் குருத்தெலும்பை இந்த வாரம் எழுதுவதாகச் சொன்னேன். அதற்குள் ஒரு தழும்பு குறுக்கே வந்துவிட்டது.

1740-ல் ஆன்சன் என்ற இங்கிலாந்துத் தளபதி கப்பல்களோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். மாதக்கணக்கில் காயோ கனியோ இல்லாத பயணம். ஸ்கர்வி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. அந்தப் பயண வரலாற்றில் ஒரு முதிய படைவீரர் வருகிறார். 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் நதிக்கரைச் சண்டையில் காயம்பட்டவர். புண் ஆறி ஐம்பது வருடம் ஓடிவிட்டது. நோய் முற்றியதும், அந்தப் புண் ஒருநாளும் ஆறாதது போல மறுபடி வாய் பிளந்தது! எப்போதோ முறிந்து கூடியிருந்த எலும்பும் விட்டுப்போனது என்கிறது அதே நூல்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தழும்பு என்றால் முடிந்துபோன வேலை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அங்கே கொலாஜன் என்ற நார் ஓயாமல் கரைகிறது, ஓயாமல் புதிதாக இழைக்கப்படுகிறது. கரைவது நடந்துகொண்டிருக்க, இழைப்பது மட்டும் கெட்டால் தழும்பு பிரிந்துதானே ஆகவேண்டும்?

ஏன் கெடுகிறது என்பதற்கு கொலாஜனின் உருவத்தில் பதில் இருக்கிறது. அது மூன்று புரிக் கயிறு. ஒவ்வொரு புரியும் இடப்பக்கம் முறுக்கியிருக்கும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். தென்காசி விசுவநாதர் கோயில் தேர் வடமோ கிணற்றுக் கயிறோ, திரிப்பவர்கள் புரியை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும்தான் முறுக்குவார்கள். இழுத்தாலும் பிரியாமல் நிற்பது அதனால்தான். ஒரு புரியில் ஏறக்குறைய 1,000 அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றுக்கு ஒன்று தவறாமல் கிளைசின். கயிற்றின் நடு அவ்வளவு நெருக்கம். பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு வைத்திருக்கும் கிளைசினுக்கு மட்டுமே அங்கே இடம். ஓரிடத்தில் கிளைசின் மாறினாலும் போதும், லேசான அடிக்கே முறியும் எலும்போடு குழந்தை பிறக்கலாம்.

மீதி இடங்களில் புரோலின் நிறைய. அதில் பலவற்றின்மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமாக ஒரு ஜோடி ஏறினால்தான் கயிறு உடல் சூட்டைத் தாங்கும். ஏறாத கயிறு சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். ஏற்றிவைக்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். காய்கனி இல்லாத கப்பலில் அது ஏது? அந்த வீரரின் தழும்பு தோற்றது இந்த இடத்தில்.

இந்த மூன்று புரியைக் கண்டு சொன்னது நம் சென்னை. 1952-ல், முப்பது வயதை ஒட்டிய ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கொலாஜனின் உருவம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னவர் சென்னைக்கு வந்திருந்த படிகவியலாளர் பெர்னல். ராமச்சந்திரன் கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் மூன்று புரி அமைப்பை வெளியிட்டார். மறு வருடம் முறுக்குக்குள் முறுக்கையும் சேர்த்தார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று ரிச், கிரிக் என்ற இரு ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அவர் கணக்குப் பார்க்க இறங்கியதில், 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் உலகில் எங்கே புரத உருவம் கண்டாலும் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடத்தில் நடந்தவற்றில் இதற்கு நிகர் இல்லை.

இதைச் சாரல் நேரத்துக் குற்றாலத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் என் முழங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து, “இளகிப் போச்சு சார். எண்ணெ உள்ள இறங்கட்டும், எலும்பு வரைக்கும் கெட்டியாயிரும்” என்றார். அவர் கை பட்டால் தசை இளைப்பாறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய் நிற்பது மேல்தோலில். கொலாஜன் இருப்பது அதற்கும் கீழே. கொலாஜன் கிரீம் என்று விற்பதும் இதே கதைதான். அவ்வளவு நீளமான மூலக்கூறு தோலைத் தாண்டி இறங்காது. கயிற்றைச் செல்தான் உள்ளேயிருந்து திரிக்க வேண்டும். அதற்கான வைட்டமின் சி, இங்கே குவிந்திருக்கும் மங்குஸ்தானைவிடக் கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் பல மடங்கு அதிகம். விலையும் குறைவு.

முறுக்கு ஒன்றே, அடுக்குதான் வேறு. தசைநாணில் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் இழுவையைத் தாங்குகிறது. தோலில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் எப்பக்கம் இழுத்தாலும் நெகிழ்ந்துகொடுக்கிறது. கருவிழியில் மெல்லிய இழைகள் சீரான இடைவெளியில் நிற்பதால் ஒளிக்கு வழிவிடுகிறது. குருத்தெலும்பில் அந்த வலை தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. அது அடுத்த வாரம், கட்டாயம்.

தென்காசிப் பக்கத்து அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 1953-ல் கேம்பிரிட்ஜில் கண்ட இரட்டைச் சுருளை நடத்தும் அன்றே, 1954-ல் சென்னையில் கண்ட மூன்று புரியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

(தொடரும்)