பெட்டிக்குள் உறங்கும் கூறைப்புடவை

பழைய பட்டு, ஜரிகை வாங்க வரும் வணிகரின் குரல் நம் தெருக்களுக்குப் புதிதன்று. பாட்டியின் ஆரணிப் பட்டு அவர் கைக்குப் போனால், அது எரிக்கப்பட்டு ஜரிகையிலுள்ள வெள்ளி பிரித்தெடுக்கப்படும். இல்லத்தாருக்குச் சில ரூபாய்த் தாள்களே எஞ்சும். பெட்டியிலேயே கிடந்தாலோ மடிப்புகளில் இற்றுக் கிழியும். இவ்விரண்டுக்கும் மாற்று ஒன்று உண்டு.

வங்காளத்துப் பெண்கள் நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையினின்று உருவிய நூலாலேயே தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்துவந்தனர். அவ்வாறே கூறைப்புடவையின் முந்தானை, திருமுழுக்குச் சட்டை, புதுநன்மை நாளின் முக்காடு, தாத்தாவின் சட்டைப் பொத்தான் ஆகியவற்றை இணைத்து நாமும் ஒரு சுவர்த்துகில் தைக்கலாம். துணியில் நினைவைப் போற்றுவது திருச்சபைக்கும் அந்நியமன்று. புதுக்குருவின் கைகளில் பூசிய தைலத்தைத் துடைத்த துணியைத் தாயிடம் அளித்து, அவர் இறந்தபின் அவரோடு அடக்கம் செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

காலணித் தொழிற்சாலைகளில் தையற்பொறி இயக்கித் தேர்ந்த நம் சகோதரிகள் இங்கே பொறியை ஒதுக்கிவைக்கட்டும். அதன் ஊசி பழம்பட்டைத் துளைத்தே கிழித்துவிடும். பழைய பருத்தி வேட்டியை அடியில் வைத்துக் கையால் தைப்பதே நன்று. துருவேறும் ஊக்கும் இரும்புப் பொத்தானும் வேண்டா. ஜரிகையருகே அந்துருண்டையும் ஆகாது. தோலினின்று மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடிலிருந்து எழக்கூடிய கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். எனவே தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு அருகில் வாழ்வோர் துகிலைச் சன்னலோரம் தொங்கவிடலாகாது.

மந்திரித்த உத்தரியத்தையும் சுரூபத்தையும் இதில் சேர்க்கலாமா? சுவரில் மரியாதையோடு விளங்குமாயின் சேர்க்கலாம் என்பதே என் கருத்து. மெத்தை உறையிலோ கைப்பையிலோ ஒருபோதும் வேண்டா. இறைவழிபாட்டுக்கென மந்திரித்த பொருள்களை, அவை தனியார் உடைமையாயினும், உலகியல் பயனுக்கு உட்படுத்தலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1171-ஆம் விதி. சிதைந்துபோனவற்றை எரிப்பதோ புதைப்பதோ மரபு.

கத்தரியை எடுக்குமுன் உடன்பிறந்தார் அனைவரும் இசைய வேண்டும். மூத்த மகள் தனியே வெட்டிய புடவை, சொத்துத் தகராற்றினும் கொடிய மனத்தாங்கலை விளைவிக்கக்கூடும். வெட்டியதை மீண்டும் நெய்ய எவராலும் இயலாது. பாட்டி உயிரோடிருந்தால் அவரிடமே முதலில் கேளுங்கள். எத்துண்டு எவருடையது, எந்த ஆண்டினது என்பதை அவர் சொல்லச் சொல்லத் துகிலின் பின்புறத்தில் நூலால் எழுதிவையுங்கள்.