கடலடியைக் காண எளிய வழி

கடலடி உயிர்களைக் காணப் பெரும்பொருள் வேண்டும் என்றே பணியில் இருந்த நாளெல்லாம் எண்ணியிருந்தேன். ஓய்வு பெற்றபின், மண்டபத்தை அடுத்த பாக் விரிகுடாக் கரையில் அவ்வெண்ணம் மாறிற்று. சிறு துடுப்புப் படகும் நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாடகைக்குக் கிடைத்தன. மிதவைச் சட்டை அணிந்து, வழிகாட்டியாக உள்ளூர் மீனவர் ஒருவருடன் சென்றேன்.

பவள உயிரின் உடலினுள் வாழும் நுண்பாசிக்குக் கதிரவன் ஒளி வேண்டும். ஆதலின் பவளப்பாறை ஆழமற்ற நீரிலேயே செழிக்கிறது. மேலே மிதப்பவர்க்கும் நன்கு தெரிகிறது.

நீரினுள் வெறுங்கண்ணுக்கு யாவும் மங்கலாகத் தோன்றும். விழிக்கு முன்னே காற்று இருந்தால்தான் ஒளி உரியவாறு வளைந்து குவியும். அக்காற்றை நிறுத்தி வைப்பதே கண்ணாடியின் பணி. மூச்சுக்குழலின் நீளமோ ஏறக்குறைய 40 சென்டிமீட்டரே. அதனை நீட்டினால் ஆழத்திற்குச் செல்லலாமே எனக் கேட்பீர்கள். ஆகாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை எளிதில் விரியவிடாது. விட்ட மூச்சும் குழலில் தங்கி மீண்டும் உட்புகும்.

களைப்பினால் ஒருமுறை பாறையில் காலூன்றினேன். பவளக்கிளை ஒன்று முறிந்தது. கல்லென நான் மிதித்தது, ஆண்டுக்கு விரற்கணக்கில் வளரும் உயிர்க்கூட்டம். எத்தனையோ மாணவரைக் கண்டித்த நான் அன்று தலைகுனிந்தேன்.

தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. அங்கே அனுமதியின்றிச் செல்லலாகாது. எங்குச் சென்றாலும் மிதந்தபடியே காணுங்கள். களைத்தால் படகைப் பற்றிக்கொள்ளுங்கள், பாறையில் காலூன்றாதீர்கள்.