பழம்பட்டின் உள்பக்கம்

கோவை, ஈரோட்டுத் தெருக்களில் "பழைய பட்டுச்சீலை எடுக்கறது" என்று கூவி வருபவருக்கு வேண்டியது ஜரிகையில் உள்ள வெள்ளி. அசல் ஜரிகை செய்ய, வெள்ளியை மயிரிழையாக இழுத்து, தட்டையாக்கி, சிவப்புச் சாயமேற்றிய பட்டுநூலில் சுற்றித் தங்கமுலாம் பூசுவார்கள். கரையையும் முந்தியையும் வெட்டி எரித்தால் பட்டு கருகிப்போகும்; வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் சாம்பலோடு தங்கிவிடும். அதைத் தனியே உருக்கிக் கட்டியாக எடுப்பார்கள். பாட்டியின் கூறைச்சீலைக்குக் கிடைக்கும் விலை இந்த வெள்ளியின் எடைதான். அதோடு ஒரு கரை வேலைப்பாடும் எரிந்துபோகிறது. அந்தக் கரையை நெய்தவர் இன்று இல்லையென்றால், அதை மறுபடி நெய்யப் பார்த்துக்கொள்ள வேறு மாதிரியும் இருக்காது.

பழந்துணிகளைத் துணிக்காகவே வாங்கி விற்பவர்கள் சேலையை முதலில் புரட்டிப் போடுவார்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடைநூல். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், நெசவாளிக்கு அருகில் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். இரண்டு நிறங்களும் கோத்துக்கொள்ளும் இடத்தில் உள்பக்கம் சின்னச் சின்னப் பற்களாகத் தெரியும். விரலால் தடவினாலே பிடிபடும். கோர்வை இன்றும் நெய்யப்படுவதால், இது கைவேலைக்குத்தான் சாட்சி. வயதுக்கு வேறு தடயங்கள் பார்க்க வேண்டும்.

அடுத்து ஜரிகை. பிரிந்து நிற்கும் ஓர் இழையை நகத்தால் சுரண்டினால், உள்ளே சிவப்புப் பட்டு தெரிவது நல்ல அறிகுறி. முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு நிறம் தெரிந்தால் அது மலிவான வகை. உடல்நூலின் நுனியைக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாசனையோடு பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். மடிப்புக் கோடுகளில் இழை விட்டிருந்தால் விலை பாதியாகிவிடும். எனவே பழம்பட்டை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பதைவிட, பருத்தித் துணியோடு சேர்த்து உருளையாகச் சுற்றி வைப்பது நல்லது.

வீட்டு விரிப்புகளில் இந்தப் பக்கத்துப் பெருமை பவானி ஜமக்காளம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. குழித்தறியில் முரட்டுப் பருத்திநூலால் நெய்த பழைய ஜமக்காளம் பரணில் கிடந்தால், கரையான் அரிக்கும் முன் இறக்கிப் பாருங்கள்.

விற்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவமுள்ள நூறாண்டுப் பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அத்தகைய பொருள்களை உள்நாட்டில் வணிகமாக விற்கவும் உரிமம் வேண்டும்.