இரண்டு சக்கரக் கடையும் வீட்டு முற்றத்துக் கராஜும்

மட்டக்களப்பு வாவியோரத்தில் வாழும் நம்மவர்களில் பலருக்குக் கடை என்றால் நான்கு சுவரும் பெயர்ப்பலகையும் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிள்தான். காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் விடியலோடு புறப்படும் துணி வியாபாரி, மீன் வியாபாரி, பிளாஸ்டிக் சாமான் விற்பவர், பாண் விற்பவர் எல்லோருடைய சரக்கும் அதன் மேலேதான் இருக்கிறது. முன்பு இந்த வியாபாரம் சைக்கிளில் நடந்தது. மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை சரக்கோடு 'பாதை'யில் ஏறி அக்கரை சேர்ந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் பாதி நாள் போய்விடும். பாலம் வந்த பிறகு படுவான்கரை கிட்டவாகிவிட்டது. வியாபாரி போகும் தூரம் கூடியது. வண்டி படும் பாடும் கூடியது.

இந்த வாரம் நான் எழுத விரும்புவது அந்த வண்டியைப் பற்றித்தான். அதை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டுவதும் நமது தேவைக்கு ஏற்ப மாற்றி அமைப்பதும் ஒரு வியாபாரிக்கு இலாபமா, நட்டமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் ஓடுகிறார், மாதம் 25 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,500 கிலோமீற்றர். செயினை ஏறக்குறைய 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை துடைத்து ஒயில் போட வேண்டும். அதாவது மாதம் மூன்று தடவை. இன்ஜின் ஒயிலை இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். அதாவது ஒன்றரை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. இவற்றோடு பிரேக், பிளக், கேபிள், எயார் பில்டர் வேலைகளும் உண்டு. இத்தனைக்கும் கராஜுக்குப் போனால் கூலி ஒரு செலவுதான். அதைவிடப் பெரிய செலவு நாள். "நாளைக்கு வாங்க" என்று பாஸ் சொல்லும் ஒவ்வொரு நாளும் கடை பூட்டிய நாள். கடன் கொடுத்த வாடிக்கையாளரிடம் தவணைக்குப் போக முடியாத நாள். வியாபாரம் ஓய்ந்திருக்கும் வெள்ளிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் முற்றத்தில் குந்தினால் அந்த நாட்கள் மிஞ்சுகின்றன. கூலி மிச்சம் என்பதைவிட இந்த மிச்சத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலருக்கு 200 ரூபா என்றிருந்தது சில வாரங்களுக்குள் 350ஐத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கும்வரை இருந்த வண்டியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. விற்றுவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஹொண்டா எம்.டி. 90க்கும் சி.டி. 125க்கும் அந்த ஐந்து வருடத்தில் மறுவாழ்வு கிடைத்தது. எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரருக்காகவே செய்யப்பட்ட வண்டி. அதன் மூத்த சகோதரனான சுப்பர் கப் 1958இல் வெளிவந்தது. 2017இல் அந்த வகையின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. கையில் சாமானோடு கடைப் பையன் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கைக் கிளட்ச் இல்லாமல் அதை வடிவமைத்தார்கள். சுமை தூக்கப் பிறந்த வண்டிகள் நம் ஊரில் நீண்ட காலம் நின்றதில் ஆச்சரியம் இல்லை. கழற்றிப் பழகுவதற்கும் அவையே நல்லவை.

ஆனால் நம் பகுதியில் வண்டிக்கு ஒரு தனி எதிரி இருக்கிறது. அது உப்பு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் ஒடுங்கிய மணல் தரையில் வாழ்கிறோம். கண்டியில் பத்து வருடம் தாங்கும் இரும்பு இங்கே அவ்வளவு தாங்காது. வெளியே பளபளக்கும் வண்டியின் மட்கார்டைக் கழற்றி உட்புறம் பாருங்கள். சைலன்சரின் அடிப்புறத்தையும் பற்றரித் தட்டையும் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நடு போல்ட். வருடத்தில் ஒருமுறையாவது அதை உருவி கிறீஸ் பூசாவிட்டால் துருவேறி அப்படியே இறுகிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் குடித்த வண்டிகளில் தப்பியவை எவை என்பதை நான் பார்த்திருக்கிறேன். உதைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல், பிளக்கையும் ஒயிலையும் உடனே கழற்றி, நல்ல தண்ணீரால் அலசி, பிறகு மண்ணெண்ணெயும் புது ஒயிலும் ஊற்றிக் கழுவியவர்களின் வண்டிகள்தான். மாரி வெள்ளத்தில் மூழ்கும் வண்டிக்கும் இதே வைத்தியம்தான்.

சரி, கழற்றுவது எப்படி? ஆயுதத்தைவிட ஒழுங்குதான் முதலில் வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் எந்த வழியால் போகிறது, கேபிள் எதற்கு மேலால் வளைகிறது என்பதை மூளை மறந்துவிடும், படம் மறக்காது. நட், போல்ட்டுகளை வீட்டிலுள்ள தயிர்ச் சட்டிகளில் பிரித்துப் போடுங்கள். முன் சக்கரத்துக்கு ஒரு சட்டி, காபரேட்டருக்கு ஒரு சட்டி. இன்ஜின் பக்க மூடியின் திருகாணிகள் ஒன்றுக்கொன்று நீளம் வேறு. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஆணி இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தால் மாறாது. நீளமான ஆணியைக் குட்டையான துளையில் இறுக்கி அலுமினியத்தை வெடிக்க வைத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் திருகாணி பற்றியும் ஒரு வார்த்தை. பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் ஆணி போலத்தான் இருக்கும். ஆனால் அதன் குழி ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பான் தரத்தில் வெட்டப்பட்டது. சாதாரண ஸ்குரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, ஆணித்தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்தபின் உளியும் சுத்தியலும்தான் கதி. ஜே.ஐ.எஸ். முனையுள்ள ஒரு டிரைவரை முதலில் வாங்குங்கள். அதன் பிறகு நல்ல சொக்கட் செட் ஒன்று. மலிவு ஸ்பானர் நட்டின் மூலையை மழுங்கச் செய்யும். மழுங்கிய நட் மலிவு ஸ்பானரைவிட விலை கூடியது.

எதுவரை வீட்டில் செய்யலாம்? காபரேட்டர், பிரேக், செயின், ஸ்ப்ரொக்கட், கிளட்ச் தட்டுகள், கேபிள்கள் எல்லாம் செய்யலாம். பொறுமை உள்ளவர் ஹெட்டையும் இறக்கலாம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும் அடையாளத்தையும் டைமிங் செயினின் பல்லையும் குறித்துக்கொண்டால் போதும். சிலிண்டர் போர் அடிப்பது லேத்காரரின் வேலை, 0.25 மில்லிமீற்றர் படியாகப் பெரிய பிஸ்டன் கிடைக்கும், எது வேண்டும் என்பதை அளந்து சொல்வதும் அவரே. கிராங்கைப் பிரிக்க வேண்டிய கட்டம் வந்தால் அனுபவமுள்ள பாஸிடம் கொடுத்துவிடுவதே புத்தி. பழைய பிரேக் சூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள். அதில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். பெற்றோல் தாங்கியைக் குசினிப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

இனி மாற்றியமைக்கும் விடயம். சி.டி. 125இன் மட்கார்டைக் கழற்றி, சீட்டை வெட்டிக் குட்டையாக்கி, கபே ரேசர் என்று இளைஞர்கள் ஓட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். 1960களில் இலண்டன் தேநீர்க் கடைகளின் முன் பிறந்த நாகரிகம் அது. ஆனால் வியாபாரக் கண்ணால் பார்த்தால், போட்ட காசை விற்கும்போது திருப்பித் தரும் மாற்றம் மிகக் குறைவு. வாங்குபவர் பெரும்பாலும் கேட்பது, "தம்பி, ஒரிஜினல் மட்கார்ட் இருக்கா?" என்பதைத்தான். வெட்டிய பாகம் எதையும் எறியாமல் வைத்திருக்கும்படி இளைஞர்களுக்குச் சொல்வேன்.

காசு தரும் மாற்றம் வேறு. அது கெரியரும் பெட்டியும். இதிலே நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். மீன் பெட்டி, துணி மூட்டைக்கான கம்பிச் சட்டம், பாண் பெட்டி என்று எதையும் செய்துவிடுவார்கள். ஆனால் அவசரத்தில் எல்லாவற்றையும் செசியில் வெல்ட் அடித்துவிடுகிறார்கள். வெல்ட் அடித்த இடத்தின் பக்கத்தில் சூட்டால் இரும்பு பலமிழக்கும். குண்டும் குழியுமான வீதியில் சுமையோடு ஓட, அந்த ஓரத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். போல்ட்டில் பூட்டும் சட்டமே நல்லது. கழற்றிக் கழுவலாம், வண்டியை விற்றாலும் பெட்டி மிஞ்சும். வெல்டிங் தவிர்க்க முடியாவிட்டால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

சுமை எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். பின் அச்சுக்கு வெளியே தள்ளி வைத்த பெட்டி முன் சக்கரத்தைத் தூக்கும், ஹேண்டில் இலேசாகும், நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்தால் வண்டி சொல் கேளாது. பாரமான சாமான் கீழேயும் முன்னேயும், இலேசானது மேலேயும் இருக்கட்டும். பின் ஷொக்கின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்குங்கள், டயர் காற்றையும் சுமைக்கான அளவுக்குக் கூட்டுங்கள். மீன் வியாபாரிகள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: பெட்டியின் அடியில் வடிகால் துளை வைத்து, ஒரு ரப்பர் குழாயால் ஐஸ் தண்ணீரை வண்டியின் ஓரத்தால் வெளியே இறக்குங்கள். அந்த உப்புத் தண்ணீர் செயினிலும் பின் ஹப்பிலும் சொட்டிக்கொண்டிருந்தால் எந்த ஒயிலும் காப்பாற்றாது. பெட்டி பின் விளக்கையும் இலக்கத் தகட்டையும் மறைக்கக் கூடாது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' நடவடிக்கை தொடங்கியபோது மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் வீதியிலேயே கழற்ற வைத்ததை எல்லோரும் கண்டோம்.

எதைக் கழற்றினாலும், எதைப் பூட்டினாலும், இரண்டு இலக்கங்களில் கை வைக்க வேண்டாம்: இன்ஜின் இலக்கமும் செசி இலக்கமும். யுத்த காலத்தில் கைமாறியவை, பல வண்டிகளின் பாகங்களை ஒன்றாக்கியவை என்று புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டிகள் நம் பகுதியில் இருக்கின்றன. 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது வண்டி இலக்கத்தோடு செசி இலக்கத்தையும் கொடுத்துத்தான் பதிய வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். இலக்கம் பொருந்தாதவருக்கு அதுவும் இல்லை. நல்ல இன்ஜினும் நிறையச் சரக்கும் இருந்தும் வீட்டில் நின்றார்கள். இன்ஜினை மாற்றினாலோ நிறத்தை மாற்றினாலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள். பழைய உதிரிப்பாகம் வாங்கும்போது பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சீட்டுத் தர மறுப்பவரின் இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இன்னொருவர் வீட்டு முற்றத்தில் காணாமல் போனது நமக்கு ஆகுமானதல்ல.

தன் வண்டியில் கைபழகிய இளைஞர் இதையே சிறு தொழிலாக்கலாம். கராஜ் திறக்க முதல் தேட வேண்டாம். செயின் கழுவுதல், ஒயில் மாற்றுதல், பிரேக் பூட்டுதல் ஆகிய மூன்றையும் வியாபாரிகளின் வீட்டு வாசலிலேயே வியாழன் இரவும் வெள்ளிக் காலையும் செய்து கொடுத்தால் போதும். கூலியை முன்பே சொல்லிவிட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரின் கையில் கொடுக்க வேண்டும். உண்மையில் மாற்றினாரா என்ற சந்தேகம் அங்கேயே தீரும்.

பழைய ஒயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தரை மணல், கிணறு ஆழமில்லை. முற்றத்து மூலையில் ஊற்றும் ஒயில் நமது கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ இறங்கும், வடிகானில் ஊற்றினால் வாவிக்குப் போகும். மூடியுள்ள கான் ஒன்றில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் பெரிய கராஜ் ஒன்றில் கொடுத்துவிடலாம். பழைய ஒயில் சேகரிப்பவர்கள் அங்கேதான் வருகிறார்கள்.