முட்டை வடிவப் பாதை

கோடையில் வெயில் ஏன் கொளுத்துகிறது என்று கேட்டால், பூமி அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது என்று சொல்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. உண்மையில் பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனிக்குப் போர்த்திக்கொண்டிருக்கும் நாட்களில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. இந்தத் தவறான எண்ணம் பாடப்புத்தகப் படத்தால் மட்டும் வந்ததல்ல. அடுப்பருகே போனால் சுடும் என்ற அனுபவமே அதற்குப் போதும். ஆனால் பருவகாலங்களை விளக்க வழக்கமாக வரையும் படம் அந்த எண்ணத்துக்குச் சாட்சி சொல்கிறது. நடுவே சூரியன், சுற்றிலும் முட்டைபோல நீண்ட பாதை, அதில் நான்கு பூமிகள். வரைந்தவர் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார். சாய்த்துப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டும் நீளமாகத்தான் தெரியும். இதைப் படத்தின் பக்கத்தில் எழுதாதபோது, பிள்ளை கண்ணில் பட்டதைத்தானே நம்பும்? பூமியின் பாதையைப் 10 சென்டிமீட்டர் அகலத்தில் அளவு பிசகாமல் வரைந்தால், அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. கண்ணுக்கு அது வட்டம்தான்.

அதற்காக எல்லாவற்றையும் அளவுப்படி வரையவும் முடியாது. சூரியனைக் கால்பந்து அளவுக்குச் சுருக்கினால் பூமி 2 மில்லிமீட்டர் கடுகு. அதுவும் 24 மீட்டர் தள்ளி நிற்கும். எந்தப் புத்தகப் பக்கம் அதைத் தாங்கும்? படம் எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். எதை மாற்றலாம் என்பதை, அந்தப் படம் பதில் சொல்ல வந்த கேள்வியே முடிவு செய்கிறது. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் 1931-ல் வரைந்த வரைபடத்தை நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. 1933-ல் அச்சிட்டுக் கொடுத்ததும் பயணிகள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள். வளைந்து நெளிந்த தடங்களை அவர் நேர்கோடுகளாகவும் 45 டிகிரிச் சாய்வுகளாகவும் நிமிர்த்திவிட்டார், தூரங்களையும் மாற்றிவிட்டார். பயணிக்குத் தெரிய வேண்டியது எந்த நிலையத்தில் மாறுவது என்பது. அதில் அவர் கைவைக்கவில்லை. நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு அதைப் பார்த்து ரயில் ஏறுபவர்கள் உண்டு என்ற குறை நியாயமானதே. தூரத்தைக் கேட்பவருக்கு வேறு வரைபடம்தான் வேண்டும். பருவகாலப் படமோ, வெயிலுக்குக் காரணம் தூரமா, பூமியின் சாய்வா என்ற கேள்விக்கே பதில் சொல்ல வந்தது; அது தூரத்திலேயே பொய் காட்டுகிறது.

படங்களில் அலங்காரம் இல்லாவிட்டால் பிள்ளைகள் புத்தகத்தையே திறக்க மாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஹார்ப், மேயர் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் பாடத்தோடு சுவையான, ஆனால் சம்பந்தமில்லாத படங்களையும் தகவல்களையும் சேர்த்தபோது, படித்தவர்களின் மனதில் முக்கியமான விளக்கம் குறைவாகவே நின்றது. கவனத்தை இழுப்பது சரி, எங்கே இழுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பருவகாலத்துக்கு இரண்டு படங்கள் போதும். ஒன்று, மேலிருந்து பார்த்த பாதை: ஏறக்குறைய வட்டம், ஜனவரிக்கும் ஜூலைக்கும் உரிய தூரங்கள் அந்தந்த இடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றொன்று, 23.5 டிகிரி சாய்ந்த பூமியின் மேல் ஒரே அளவு வெளிச்சம் ஓரிடத்தில் நேராக விழுந்து சின்ன வட்டமாகக் குவிவதும், இன்னோரிடத்தில் சரிந்து விழுந்து அகலமாகப் பரவுவதும். வண்ணம் தீட்ட வேண்டுமானால் அந்த இரண்டு வெளிச்சத் திட்டுகளுக்குத் தீட்டலாம்.