பாட்டிலில் அடைக்கப்பட்ட புரட்சி

பெருநாள் நெருங்கிவிட்டால் மதுரை விளக்குத்தூண் பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போகும் பெற்றோர் அங்கே அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "எல்லாரும் போடுற மாதிரி எனக்கு வேணாம்த்தா." நாலு கடை ஏறி இறங்கி ஒரு சட்டையை எடுப்போம். பெருநாள் காலையில் தொழுகைத் திடலுக்குப் போய்ப் பார்த்தால், வரிசைக்கு இரண்டு பேர் அதே சட்டையில் நிற்பார்கள்.

பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'நீ மற்றவர்களைப் போல் இல்லை' என்று அவனுக்கு நாள்தோறும் சொல்லித் தருவது விளம்பரம். ஒரே பொருளை லட்சக்கணக்கானோருக்கு விற்க வேண்டியவர்கள், அதைத் 'தனித்துவம்' என்று பெயரிட்டு விற்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்பதை நாம் புரிந்துகொள்வது அவசியம்.

சிகரெட்டும் சுதந்திரமும்

1929-ஆம் ஆண்டின் ஈஸ்டர் ஞாயிறு. அன்றைய அமெரிக்காவில் பெண்கள் பொது இடத்தில் புகைப்பது இழிவாகக் கருதப்பட்டது. சிகரெட் நிறுவனங்களுக்கோ இது பாதிச் சந்தை மூடிக் கிடப்பதாகத் தெரிந்தது. அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்காக வேலை செய்த எட்வர்ட் பெர்னேஸ், நியூயார்க் ஊர்வலத்தில் சில இளம்பெண்களைச் சிகரெட் பற்ற வைக்க ஏற்பாடு செய்தார். அவற்றுக்குச் 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின. உரிமை கேட்ட பெண்களின் நியாயமான கோபம், நுரையீரலைக் கெடுக்கும் பொருளுக்கு விளம்பரமாகிப் போனது.

நம் நாட்டிலும் இதே உத்தியைப் பார்த்தோம். 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டின் அதிகாரப்பூர்வ பானம் என்ற உரிமையைக் கோகோ கோலா பெற்றது. அதைப் பெறாத பெப்சி, 'இதில் அதிகாரப்பூர்வமாக எதுவுமில்லை' என்ற பொருளில் விளம்பரம் செய்தது. இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதிகாரத்தை எதிர்க்கும் கலகக்காரன் வேடம் போட்டதும் ஒரு பன்னாட்டு நிறுவனம்தான் என்பது பலருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு பாட்டிலிலும் இருப்பது சர்க்கரையும் வாயு ஏற்றிய தண்ணீரும் நிறமும்தான். பொருளில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, அதைக் குடிப்பவரின் மனதில்தான் வேறுபாட்டை உருவாக்க வேண்டும். அதனால்தான் இத்தகைய விளம்பரங்கள் பானத்தைப் பற்றிப் பேசுவதை விட 'உன்னை'ப் பற்றியே அதிகம் பேசுகின்றன. நீ வாங்கியதை எல்லோரும் வாங்கிவிட்டால் உன் 'தனித்துவம்' போய்விடும். மறுபடியும் கடைக்கு வர வேண்டும். வியாபாரம் ஓயாமல் நடப்பது இப்படித்தான்.

விளம்பரம் சொல்லாத தண்ணீர்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்கள் திரண்டார்கள். அந்தக் களங்களில் அந்நியக் குளிர்பானங்களுக்கு எதிரான குரலும் எழுந்தது. நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதைச் சுட்டிக்காட்டி, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவைக் கேட்டு வாங்குவது பெருமையாயிற்று.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்க, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்திருந்தது. 2017 மார்ச் 2 அன்று அந்த வழக்குகள் தள்ளுபடியாயின, தடை நீங்கியது. கடையில் புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளே ஆற்றில் தண்ணீர் எடுக்க வழி திறந்துவிட்டது.

உள்ளூர்ப் பொருளை வாங்குவது நல்லதே. ஆனால் பாட்டிலை மாற்றியதோடு போராட்டம் முடிந்தது என்று நினைத்தால், அதுவும் விளம்பரம் கற்றுத் தந்த பாடம்தான். வைகை மணலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் வீட்டுக்குள்ளும்

இது குளிர்பானத்தோடு நிற்கவில்லை. அடக்கத்துக்காக அணியும் புர்காவே இன்று 'தனித்துத் தெரியுங்கள்' என்று விற்கப்படுகிறது. பிறர் கண்ணில் பெருமையாகத் தெரிவதற்காகவே உடுத்தும் ஆடையை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். இந்தக் கருத்து அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் பதிவாகியுள்ளது. நல்ல ஆடை உடுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. நோக்கத்தைத்தான் கேள்வி கேட்கிறது. விலை உயர்ந்த ஆடைக்கு மட்டுமல்ல, வேண்டுமென்றே கிழித்து விற்கும் ஜீன்ஸுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

பிள்ளைகளிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், அந்தப் பொருளுக்குக் கலகத்தின் கவர்ச்சியை நாமே கூட்டிக் கொடுத்தவர்களாவோம். அதற்குப் பதிலாக அவர்களோடு உட்கார்ந்து ஒரு விளம்பரத்தைப் பாருங்கள். "இது பொருளைப் பற்றி என்ன சொல்லுது? உன்னைப் பற்றி என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் பதில் சொல்லும்.

வகுப்பே சேர்ந்து ஒருவனைக் கேலி செய்யும்போது அவன் பக்கத்தில் போய் உட்காரும் பிள்ளைதான் உண்மையில் மற்றவர்களைப் போல் இல்லாதவன். அடுத்த பெருநாளுக்குத் துணி எடுக்கப் போகும் முன் இதை அவனிடம் சொல்லி வைப்போம்.